பானையில் ஒற்றைச் சோகி

அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உடம்பில் வெள்ளைச் சேட்டு, சட்டைதான். வியர்வைக்காகக் கழுத்துப்பட்டிக்குள் மடித்துச் செருகிய லேஞ்சி. இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பார். அவருக்குப் பின்னால் இருபத்திரண்டு மீன்பிடிகாரர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரு சோற்றுப் பானைக்குள் ஆளுக்கொரு சிப்பியைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசி ஆளும் போட்டு முடித்துவிட்டார் என்று நான் சொல்லும்வரை அவர் திரும்பமாட்டார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. யார் என்று கேட்பது அவருக்குப் பிடிக்காத காரியம்.

ஜப்பான்காரன் எந்த நேரமும் வரலாம் என்று கரையெல்லாம் பயந்து கிடந்த சண்டைக் காலம். ஆலங்குடாவில் மணல்மேட்டின்மேல் தென்னங்கிடுகால் ஒரு பார்வைக் கொட்டில் போட்டிருந்தார்கள். அங்கே பகல் முழுவதும் ஊர்க்காரர் இருவர் முறை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். கப்பலோ ஆகாயக் கப்பலோ கண்ணில் பட்டால் ஒருவர் கற்பிட்டிக்கு ஓடிவந்து எங்கள் அரசாங்கக் கந்தோரில் சொல்ல வேண்டும். அங்கே நான் கிளாக்கர். நான் தொலைபேசியில் புத்தளத்துக்குச் சொல்வேன். எது அரசாங்கத்தினுடையது, எது எதிரியுடையது என்று கரைவலைக்காரருக்குப் பிரித்தறியப் பழக்குவதற்காகச் சிலாபத்திலிருந்து அனுப்பப்பட்டவர்தான் அவர். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். ஆறு வாரம், கிழமைக்கு மூன்று நாள், வலை கரையேறியபின் வகுப்பு; அந்த நேரம் கொட்டிலில் வேறு ஊர்க்காரர் இருப்பார்கள். வந்தவர் பெயரை இடாப்பில் பதியவும் இங்கிலீசுத் தாள்களைத் தமிழில் சொல்லவும் என்னை அவரோடு சேர்த்துவிட்டார்கள்.

பழக வந்தவர்கள் எல்லாரும் ஒரே வலையின் ஆட்கள். பாதிப் பேர் எங்கள் முஸ்லிம் ஆட்கள், பாதிப் பேர் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். வலை இழுக்கும் கயிற்றில் அந்த வித்தியாசம் கிடையாது. வலையும் தோணியும் கருவாடு போடும் வாடியும் ஒரே சம்மாட்டிக்குச் சொந்தம். அவரும் வகுப்புக்கு வந்தார். அவருடைய வாடியில்தான் வகுப்பு. அங்கிருந்த ஒரே கதிரையில் அவர்தான் இருந்தார். கெட்ட மனிதர் என்று அவரை ஒருவரும் சொன்னதில்லை. காய்ச்சல் வருசத்தில் அந்த ஊருக்குக் கஞ்சி ஊற்றியவர் அவர்.

முதல் நாள், ஆகாயக் கப்பல் வடிவில் செதுக்கிக் கறுப்பு மை பூசிய மரத்துண்டு ஒன்றை மாஸ்டர் ஒரு கம்பில் குத்தி உயர்த்தினார். மூன்று எண்ணும் நேரம் காட்டிவிட்டு மறைத்தார்.

"நம்மடயா, அவன்டயா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த கபூர் மட்டும், "மாஸ்டர், வெள்ளக்காரன்ட சாமான் எப்ப இருந்து நம்மட ஆனது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். பிறகு கதிரையிலிருந்து சம்மாட்டி, "அவன்ட" என்றார். உடனே இருபத்தொரு வாய்களும் "அவன்ட" என்றன.

பிழை. அடுத்த துண்டுக்கும் அப்படியே. ஐந்து துண்டுகளுக்கு ஐந்து முறையும் சம்மாட்டி சொன்னதையே ஊர் சொன்னது.

திரும்பி வரும்போது, மாட்டு வண்டியில், "இந்தச் சனத்துக்கு மண்டையில ஒண்டும் ஏறாது மாஸ்டர்" என்றேன். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

"அவங்க கயிறு இழுக்கிறதப் பாத்திருக்கிறீங்களா, கிளாக்கர்?" என்றார். "ஒருத்தன் முந்தினா வலை கோணிப் போகும், மீன் போயிரும். சொல்லு வாறவரைக்கும் கை அசையக் கூடாது. சின்ன வயசில இருந்து அதத்தானே பழகியிருக்கிறாங்க. கயிற்றில அது சரி. கொட்டில்ல ரெண்டு பேர்தான். அங்க யார்ட சொல்லுக்குக் காத்திருக்கிறது?"

அடுத்த வகுப்பில் அவர் முதலில் செய்த வேலை, எல்லாரையும் கடலைப் பார்த்து உட்கார வைத்ததுதான். சம்மாட்டியின் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வரிசைக்கும் பின்னால் போட்டார். "இங்க இருந்தாத்தான் சம்மாட்டியாருக்கு எல்லாரையும் பாக்கலாம்" என்றார். சம்மாட்டிக்கு அது மரியாதையாகப்பட்டது. அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இனி ஒருவன் கழுத்தைத் திருப்ப வேண்டும் என்பதை நான் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

கபூரின் வாய்க்கும் அவர் வழி வைத்திருந்தார். மரத்துண்டுகளை உயர்த்திக் காட்டும் வேலையை அவனிடமே கொடுத்தார். மூன்று எண்ணுவதற்கு வாய் வேண்டும். அந்த வாயால் வேறு கதை வராது. அப்படியும் ஒருநாள் வந்துவிட்டது. தூரத்தில் பிடித்த ஒரு துண்டைப் பார்த்து வயதான ஒருவர் "பறவை" என்று சொல்லிவிட்டார். "பறவையப் புடிச்சுக் கறி வைங்க, மச்சான்!" என்று கபூர் கத்த, வாடி முழுவதும் உருண்டு சிரித்தது. அன்று மாலைக்குள் அந்த மனிதருக்குப் பறவை என்று பெயர் விழுந்துவிட்டது. அடுத்த வகுப்பில் மாஸ்டர் சொன்னார்: "கொட்டில்ல இருக்கிற ஆள் தன்னிட்டக் கேக்க வேண்டிய முதல் கேள்வி, இது பறவையா? அத விட்டுட்டு ஓடினவங்க எத்தனையோ பேர். நம்மட வகுப்பில அந்தக் கேள்வி தானாவே வந்திட்டுது." எனக்கு அதை எழுதிவைக்கச் சொன்னார். வகுப்புக் குறிப்புத் தாளின் முதல் வரியாக அதை எழுதினேன். பெயர் போகவில்லை. ஆனால் அவர் அதற்குத் தலை குனியவில்லை.

பானை வந்தது இரண்டாம் வாரம். வாடிக்குப் பக்கத்து வீட்டு மனிசியிடம் இரவல் வாங்கியது. எல்லாருக்கும் தட்டையான மட்டி ஓடு ஒன்றும், சோகி என்ற சிறிய உருண்டைச் சோழி ஒன்றும் கொடுத்தார். நம்முடையது என்றால் மட்டி, எதிரியுடையது என்றால் சோகி. பானையின் வாயைச் சாக்குத் துண்டால் மூடி, அதைத் தூக்கிக்கொண்டு நான் வரிசையாகப் போவேன். கையை உள்ளே விட்டு ஒன்றைப் போட வேண்டும், மற்றதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பானை சுற்றி முடியும்வரை பேச்சுக் கூடாது. மாஸ்டர் அந்த நேரம் கடலைப் பார்த்து நிற்பார்.

பிறகு பாயில் கொட்டி எண்ணுவோம். பதின்மூன்று மட்டி, ஒன்பது சோகி. "ஒன்பது பேர் சோகி போட்டிருக்கிறாங்க. யார் எண்டு எனக்கு வேணாம். மட்டி போட்ட ஒருத்தர் எழும்பி, அவங்க ஏன் சோகி போட்டிருப்பாங்க எண்டு சொல்லுங்க பாப்பம்."  பிறகு ஒருவர் எழுந்து, "சிறகு நுனி வட்டமா இருந்திச்சு, அதப் பாத்துப் போட்டிருப்பாங்க" என்றார். அவர் எதைப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அவரால் பேச முடிந்தது. நாலாம் வாரத்தில் வாய் திறக்காத ஆள் என்று அந்த வாடியில் ஒருவரும் இல்லை. சந்தையைப்போல் இரைச்சல். கூட்டம் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு மனிதரை நான் பக்கத்திலிருந்து பார்த்தது அந்த ஒரு முறைதான். பின்னாளில் கொழும்பில் பத்திரிகை வேலையில் எத்தனையோ மேடைகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருநாள் வண்டியில் கேட்டேன்: "பானை சுத்துற நேரம் ஏன் மாஸ்டர் திரும்பி நிக்கிறீங்க? உங்களுக்குத் தெரிஞ்சா என்ன குறை?"

"தெரிஞ்சா முகத்தில வந்திடும்" என்றார். "பிழை விட்டவரைப் பாக்கிற பார்வை வேறயாப் போகும். அதச் சனம் ஒரு நொடியில புடிச்சிரும்."

எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் வாரமே என் உள்ளங்கை பழகிவிட்டது. பானையின் அடியை ஏந்தியிருப்பவனுக்கு வித்தியாசம் தெரியும். மட்டி விழுந்த இடத்திலேயே கிடக்கும். சோகி உருண்டு ஒரு சுற்று ஓடி நிற்கும். யார் எப்போதும் பிழை, யார் எப்போதும் சரி என்று இருபத்திரண்டு பேரையும் நான் சொல்லுவேன். சந்தியோகு என்ற ஒரு வேதக்காரர் ஒருமுறைகூடப் பிழை விட்டதில்லை. தலவிலப் பக்கம் பெண் எடுத்து, நாலு பிள்ளைகளோடு வலைக்கு வந்து சேர்ந்த ஆள், அதிகம் கதைக்கமாட்டார். இதையெல்லாம் நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கமாட்டார். ஆனால் எனக்குத் தெரியும் என்பது யாருக்காவது தெரிய வேண்டும் என்று எனக்குள் இருந்தது.

நாலாம் வாரக் கடைசியில் கபூர் ஒரு துண்டை உயர்த்தினான். பானையை நான் எடுக்குமுன்பே பின்னால் கதிரையிலிருந்து சத்தம் வந்தது. "நம்மட. இதுக்குப் பானை என்னத்துக்கு?" சம்மாட்டி வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அத்தனை நிச்சயம். பானை சுற்றியது. கொட்டினோம். இருபத்தொரு மட்டி, ஒரு சோகி.

மாஸ்டர் குனிந்து பாயிலிருந்து அந்தச் சோகியை எடுத்தார்.

"இண்டைக்கு இந்த ஒண்டுதான் சரி" என்றார்.

 பிறகு சம்மாட்டி பெரிதாகச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் கற்பிட்டிக் கடைத்தெருவில் சம்மாட்டி என்னைக் கண்டு கூப்பிட்டார். தேத்தண்ணிக் கடையில் பக்கத்தில் இருத்தி, வாப்பாவின் சுகம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யார், மகன், அந்தச் சோகி?"

நான் சிரித்தேன்.

"பாராட்டத்தான் கேக்கிறன். அப்பிடிக் கண்ணுள்ள ஆளைக் கொட்டிலுக்கு வச்சா ஊருக்கு நல்லம்தானே. மாஸ்டர் அங்கால பாத்து நிப்பாரு, அவருக்குத் தெரியாது. பானை புடிக்கிற உங்களுக்குத் தெரியும்."

உங்களுக்குத் தெரியும் என்று ஊரில் பெரிய மனிதர் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மிரட்டவில்லை, எதையும் தருவதாகவும் சொல்லவில்லை.

"சந்தியோகு" என்றேன். எப்படிக் கண்டுபிடிப்பேன் என்பதையும், சோகி உருளும் கதையையும், கேட்காமலே சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மறுநாள் விடிய, கயிற்றடியில் எல்லாருக்கும் முன்னால் சம்மாட்டி சந்தியோகின் தோளைத் தட்டினாராம். "உனக்கு அல்லா நல்ல கண்ணக் குடுத்திரிக்கி. கண்ணுள்ளவனுக்குக் கயிறு என்னத்துக்கு? நீ மேல போய்க் கொட்டில்ல இரி. இனி எல்லா நாளும் உன்ட முறைதான்."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாராட்டுத்தான். ஆனால் கயிற்றில் கை வைத்தவனுக்குத்தான் மீனில் பங்கு. கொட்டிலில் இருப்பவருக்கு அரசாங்கம் கொடுத்தது தேத்தண்ணிக்குத்தான் காணும்.

மூன்றாம் நாள் சந்தியோகின் மனைவி இடுப்பில் ஒரு பிள்ளையோடு எங்கள் கந்தோர் வாசலுக்கு வந்தார். "கிளாக்கர் தம்பி, அரசாங்கம் சொல்லித்தான் இவரை மேல இருத்தினதா? கயிற்றில கை வைக்காட்டி எங்களுக்கு என்ன இருக்கு? மூணு நாளா வெறும் கஞ்சிதான். ஆரிட்டக் கேக்கிறது எண்டு தெரியாமத்தான் உங்களிட்ட வந்தன்."

"நான் விசாரிக்கிறன் அக்கா" என்றேன்.

அன்று மாலை வகுப்பில் சந்தியோகின் இடம் வெறுமையாக இருந்தது. கபூர் துண்டை உயர்த்தினான். பானை சுற்றியது. என் உள்ளங்கையில் ஒன்றும் உருளவில்லை. கொட்டியபோது இருபத்தொரு மட்டி. இரண்டாவது துண்டுக்கும் இருபத்தொரு மட்டி. மூன்றாவதாக மாஸ்டர் தாமே ஒன்றை எடுத்துக் காட்டினார். முதல் வாரமே எல்லாரும் படித்த, குழந்தைக்கும் தெரிந்த எதிரி விமானம். பானையைக் கொட்டினேன். இருபத்தொரு மட்டி.

அவர் சிப்பிகளைப் பார்த்தார். வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவரிடம், "சந்தியோகு எங்க?" என்று கேட்டார். "கொட்டில்ல. சம்மாட்டியார் வச்சது. எல்லா நாளும் அவர்தான்" என்றார் அந்த ஆள், மணலைப் பார்த்துக்கொண்டு.

மாஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்தார் என்பதைத்தான் நான் கவனித்தேன். அந்த வாடியில் அவர் பார்க்காத ஒரே இடம் நான் நின்ற இடம்.

"நான் ஒரு பிழை விட்டுட்டன்" என்றார். "கடலைப் பாத்து நிண்டாலும் என்ட காது இங்கதான். அண்டைக்கு யார் சோகி போட்டது எண்டு எனக்குக் கேட்டது. சம்மாட்டியாரிட்ட நான்தான் சொன்னன். நல்லதுக்கு எண்டு நினைச்சுச் சொன்னன். சொல்லியிருக்கக் கூடாது."

சம்மாட்டி கதிரையில் நிமிர்ந்தார். அவர் கண் நேராக என்மேல் வந்து நின்றது. தாடியை ஒருமுறை தடவினார்.  அந்த இடத்தில் உண்மை தெரிந்த மூவரில் இருவர் வாய் திறக்கவில்லை.

கபூர்தான் முதலில் எழுந்தான். கையிலிருந்த துண்டை மெதுவாகப் பாயில் வைத்தான். "சீ, மாஸ்டர்" என்றான். கேலி இல்லாமல் அவன் பேசி நான் கேட்டது அதுதான். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். போகும்போது என்னிடம் வழக்கம்போல, "போய்ட்டு வாறம் கிளாக்கர் தம்பி" என்றார்கள். அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

வண்டியில், பாதி வழிவரை வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். "மாஸ்டர், அந்தப் பானை விசயம்..." என்று தொடங்கினேன்.

"ஓம், மறந்து போனன்" என்றார். "நாளைக்கு அதக் கழுவி அந்த மனிசியிட்டக் குடுத்திடுங்க. சோறாக்கிற பானை. ஒரு மாசமா வேற சட்டியில ஆக்குது."

யார் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நெடுங்காலம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிவந்தேன். இப்போது நிச்சயமில்லை. அவர் கேட்கவில்லை, அதுமட்டும் நிச்சயம்.

இரண்டு நாள் கழித்து அவர் சம்மாட்டி வீட்டுக்குப் போனார். தாளும் பேனையுமாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "பார்வைக் கொட்டிலுக்குத் தலைவர் நீங்கதான் எண்டு எழுதப்போறன்" என்றார். "உங்கட கண்தான் இந்த வகுப்பிலயே திறமான கண் எண்டும் எழுதுவன். ஒரு விசயம். கொட்டில் முறை எல்லா ஆளுக்கும் சரிசமமா வரணும். அது மேலிடத்துச் சட்டம்."

அப்படி ஒரு சட்டம் இல்லை. தாள்களைத் தமிழில் சொன்னவன் நான், எனக்குத் தெரியும்.

சம்மாட்டி என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். "அப்ப சந்தியோகு கயிற்றுக்கு வரணும்."

"கிழமைக்கு ஒரு முறை கொட்டில். மிச்ச நாள் கயிறு. எல்லாரையும் போல."

"சரி." வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சம்மாட்டி கேட்டார்: "மாஸ்டர், அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"என்ன சொன்னனான்?" என்று கேட்டுவிட்டு மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த அறிக்கையை இங்கிலீசில் நல்ல எழுத்தில் பிரதி எடுத்தவன் நான். மிகத் திறமான கண் என்ற இடத்தில் சம்மாட்டியின் பெயர். வகுப்பு இடையில் நின்றதற்குக் காரணம் என்ற இடத்தில் பழக்கியவரின் தவறு என்று இருந்தது. கீழே அவர் கையொப்பம். அதற்குப் பிறகு அவரை வேறெங்கும் பழக்க அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டேன். சிலாபத்தில் ஏதோ சாமான் அறையில் இடாப்பு எழுத வைத்தார்களாம். நான் பார்க்கப் போகவில்லை. கொழும்பிலிருந்து வரும் வண்டி சிலாபத்தில் நின்றுதான் போகும். எத்தனையோ முறை அதில் வந்துபோயிருக்கிறேன்.

பத்திரிகையில், செய்தி சொன்னவர் பெயரை எந்த நெருக்குதலிலும் வெளியே விடாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பிறர் மெச்சிச் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர் ஊரைவிட்டுப் போன அடுத்த கிழமை, கொட்டிலைப் பார்த்து எழுத ஆலங்குடாவுக்குப் போனேன். வலை அப்போதுதான் கரையேறியிருந்தது. சந்தியோகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். கைகள் இரண்டும் கயிற்றில் சிவந்திருந்தன.

"என்ட மனிசி உங்களிட்ட வந்து அழுததாம். அதுக்குப் புறகுதானே எல்லாம் சரியானது. நீங்கதான் சம்மாட்டியாரிட்டக் கதைச்சிருக்கிறீங்க, என்ன தம்பி?"

நான் கொட்டிலைப் பார்த்தேன்.

"அந்த மாஸ்டரை நம்பித்தான் நான் அந்தச் சோகியைப் போட்டன்" என்றார். "பிள்ளைகள்ட வாயில மண்ணைப் போட்டுட்டுப் போயிட்டான். உங்களைப்போல ஒரு ஆள் இருந்தபடியாத் தப்பினம். நீங்கதானே கதைச்சது?"

"ஓம்" என்றேன்.

அவர் தன் பங்கிலிருந்து நல்ல பாரை மீன் ஒன்றை எடுத்து, செவுளில் ஓலை ஈர்க்கைக் கோத்து, கறி வைக்கச் சொல்லி என் கையில் தந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. வாங்கிக்கொண்டு கற்பிட்டிக்கு நடந்தேன். உம்மா அதைப் புளியாணம் வைத்தார். நானும் சாப்பிட்டேன்.